கோடிட்ட இடத்தை நிரப்பலாம் வாங்க!

தமிழ்நாட்டுல பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் ஒரு வாக்கியத்தைத் தூக்கத்துல கூட சொல்லுவாங்க. 'கோடிட்ட இடங்களை நிரப்புக.' ஒண்ணாப்புல ஆரம்பிச்சு காலேஜ் வரைக்கும் விடாம கூடவே வந்த வாக்கியம். சரி, படிப்பு முடிஞ்சுது, தொல்லை விட்டுதுன்னு நினைச்சா பேங்க் பரீட்சை, எஸ்.எஸ்.சி. பரீட்சைன்னு போறவங்களுக்கு அங்கயும் முன்னாடி வந்து உக்காந்திருக்கு. இந்த தடவை இங்கிலீஷ்ல. அதுவும் ஒத்தை வரி இல்லீங்க, முழுசா ஒரு பத்தியைக் கொடுத்து நடுநடுவுல ஓட்டை போட்டு வச்சிருப்பாங்க. இதுக்கு க்ளோஸ் டெஸ்ட்னு பேரு.

போன ஒரு வருஷமா கிட்டத்தட்ட தினமும் ராத்திரி இந்த ஓட்டைகளோடதான் எனக்கு சகவாசம். ஏன்னு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளையாட்டு. கீழ இருக்கறதைப் படிச்சு நிரப்புங்க. தமிழ்தான், பயப்படாதீங்க :-)

'நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல ______ நேரம் நின்னுக்கிட்டு இருந்தேன். அப்போ ______ வேற பிடிச்சுக்கிச்சு. குடை எடுத்துட்டு ______. பக்கத்துல இருந்த சின்ன டீக்கடையில ______ ஒரு கிளாஸ் டீ வாங்கி ______.'

பத்து செகண்டுல முடிச்சிருப்பீங்க. ஆனா எப்படி முடிச்சீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அதுலதான் மேட்டரே இருக்கு.

முதல் ஓட்டையில 'ரொம்ப' போடலாம், 'கொஞ்ச' போடலாம், ரெண்டுமே சரி. ரெண்டாவது 'மழை'. அந்த ஓட்டைக்கு முன்னாடி மழைக்கான தடயமே கிடையாது. 'பிடிச்சுக்கிச்சு'ன்னு ஒண்ணு, அடுத்த வரியில குடை ஒண்ணு, இது ரெண்டும்தான் காட்டிக் கொடுக்குது. அதாவது கண்ணு முன்னாடி ஓடிட்டுத் திரும்பி வந்து நிரப்பியிருக்கு. மூணாவதுல 'போனேன்'னு போட்டாலும் இலக்கணம் இடிக்காது. ஆனா குடை இருந்தா எதுக்கு டீக்கடையில போய் ஒதுங்கணும்? அதனால 'போகல'. நாலாவது ஒதுங்கி. கடைசியில 'குடிச்சேன்'. 'குடிச்சான்' ஏன் வராதுன்னா மேல 'இருந்தேன்'னு தன்மையில ஆரம்பிச்சாச்சு.

ஆக இலக்கணம், வார்த்தைகளோட கூட்டு, முன்ன பின்ன இருக்கற சேதி, உலக ஞானம்னு நாலையும் ஒரே சமயத்துல உபயோகிச்சுட்டீங்க. யாரும் உங்களுக்கு ரூல் சொல்லித் தரலை. இதேதான் இங்கிலீஷ்லயும் நடக்கணும். அங்க நடக்க மாட்டேங்குது, அதுதான் பிரச்சனை.

இந்த ஓட்டை வித்தையை முதல்ல பரீட்சையா மாத்தினவர்னு ஜெர்மன்காரர் ஹெர்மன் எபிங்ஹவுஸைச் சொல்லுவாங்க. படிச்சது எவ்வளவு சீக்கிரம் மறக்கும்னு தன்னையே சோதிச்சுப் பார்த்து 1885-ல புஸ்தகம் போட்ட அதே ஆளுதான். அப்போ ஜெர்மனியில இருந்த பிரெஸ்லாவ் நகரத்துல (இப்போ அது போலந்துல இருக்கற வ்ரோஸ்வாஃப்) பள்ளிக்கூட நேரம் நீண்டுக்கிட்டே போனா பசங்க மூளை களைச்சுப் போகுதான்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. அதைப் பார்த்துச் சொல்ல வந்த எபிங்ஹவுஸ், பத்தியில அங்கங்க எழுத்தையும் வார்த்தையையும் எடுத்துட்டு பசங்க கிட்ட நிரப்பச் சொன்னார். அதை 1897-ல எழுதி வெளியிட்டார். கூடவே கணக்கும் ஞாபக சக்தி சோதனையும் வச்சார். ஆனா நல்லா படிக்கற பிள்ளையையும் தடுமாற்ற பிள்ளையையும் தெளிவா பிரிச்சுக் காட்டினது இந்த நிரப்புற சோதனைதான்.

அப்புறம் 1953-ல அமெரிக்காவுல வில்சன் டெய்லர்னு ஒருத்தர் இதுக்குப் புதுப் பேர் வச்சார். கதவை மூடுறதுக்கு சொல்ற க்ளோஸ் இல்லீங்க இது. எழுத்துக்கூட்டும்போது நடுவுல இஸட் வரும். ஒரு வட்டத்துல சின்ன இடைவெளி இருந்தாலும் நம்ம மனசு அதை முழு வட்டமாவே பார்க்கும்னு உளவியல்காரங்க சொல்ற 'க்ளோஷர்' இருக்கே, அதுலேர்ந்து வெட்டி எடுத்த வார்த்தை.

வேடிக்கை என்னன்னா டெய்லருக்கு மாணவர்களை அளக்கற எண்ணமே கிடையாது. அவர் அளக்க நினைச்சது எழுத்தை. ஒரு பத்தி படிக்க லேசா இருக்கா கஷ்டமா இருக்கான்னு பார்க்கணும். அதுக்கு அஞ்சாவது வார்த்தை, பத்தாவது வார்த்தைன்னு கணக்கா எடுத்துட்டு வாசகர்கள் கிட்ட கொடுத்தார். நிறைய பேர் சரியா நிரப்பினா எழுத்து லேசு. தடுமாறினா எழுத்து கஷ்டம், அதாவது எழுதினவர் மேல தப்பு! மேல நான் கொடுத்த பத்தியிலயும் எண்ணிப் பாருங்க, ஒவ்வொரு அஞ்சாவது வார்த்தையும்தான் காணாம போயிருக்கும். எழுதினவரைச் சோதிக்கக் கண்டுபிடிச்ச கருவி கடைசியில படிக்கறவன் தலையில வந்து விடிஞ்சுது. நம்ம ஊர் நியாயம் மாதிரியே இருக்குல்ல?

சரி, என் விஷயத்துக்கு வர்றேன்.

எங்க அண்ணன் பொண்ணு விருதுநகர் பக்கம் ஊர்ல இருக்கா. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்.சி. கணக்கு. கணக்குல புலி. ரீசனிங்னு ஒரு பகுதி வரும் பாருங்க, எட்டு பேர் வட்ட மேசையில உக்காந்திருக்காங்க, யார் பக்கத்துல யாருன்னு தலையைச் சுத்த வைக்கும், அதை அவ காப்பி ஆறதுக்குள்ள போட்டுருவா. பேங்க் பரீட்சை ரெண்டு வருஷமா எழுதறா. ரெண்டு தடவையும் முதல்நிலையிலயே நின்னு போச்சு. காரணம் இங்கிலீஷ். ஐ.பி.பி.எஸ். முதல்நிலையில ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியா கட்-ஆஃப் உண்டு. கணக்குல வாங்கின உபரி மார்க்கை இங்கிலீஷுக்குக் கடன் கொடுக்க முடியாது. இங்கிலீஷ்ல 30 கேள்வி, 20 நிமிஷம். அதாவது ஒரு கேள்விக்கு 40 செகண்ட்.

கிளார்க் பரீட்சையை 13 மாநில மொழிகள்லயும் நடத்தணும்னு 2021-ல மத்திய நிதி அமைச்சகம் முடிவெடுத்தது நல்ல விஷயம். கணக்கைத் தமிழ்ல படிச்சுப் போடலாம். ஆனா இங்கிலீஷ் பகுதி இங்கிலீஷ்லதானே இருக்கும்! அதுக்கு வயசும் ஒரு பக்கம் ஓடிக்கிட்டு இருக்கு. வீட்ல கல்யாணப் பேச்சு வேற. 'இந்த வருஷம் பார்ப்போம், இல்லைன்னா...'ன்னு அண்ணி ஆரம்பிச்சு முடிக்காம விடற வாக்கியம் இருக்கே, அந்தக் கோடிட்ட இடத்தை நிரப்ப எந்த கோச்சிங்கும் தேவையில்லை.

கோச்சிங் சென்டர் போனா. (பேர் வேண்டாம்.) அங்க சொல்லிக் கொடுத்தது எல்லாம் குறுக்கு வழி. 'பத்தியைப் படிக்காதே, நேரம் வேஸ்ட், ஓட்டைக்கு முன்னாடி ஒரு வார்த்தை பின்னாடி ஒரு வார்த்தை பாரு, ஆப்ஷனை அடி.' கூடவே முந்நூறு ப்ரெபோசிஷன் ஜோடியை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. பண்ணினா. மார்க் நகரவே இல்ல.

ஒரு நாள் போன்ல கேட்டா.

"சித்தப்பா, இன், ஆன், அட் மூணும் தமிழ்ல ஒண்ணுதானே? அப்புறம் எதுக்கு மூணு வச்சிருக்காங்க?"

நல்ல கேள்வின்னு தோணுச்சு. பதிலுக்கு, "நீயே தமிழ்ல 'ல' போட்டு அஞ்சு வாக்கியம் சொல்லும்மா"ன்னேன். சொன்னா.

பேப்பர்ல போட்டிருக்கு.
மேசையில இருக்கு.
வாசல்ல நிக்கிறான்.
பஸ்ஸுல வந்தேன்.
பென்சில்ல எழுதினேன்.

இங்கிலீஷ்ல வரிசையா இன், ஆன், அட், பை, வித். நம்ம ஒத்தை 'ல' அஞ்சு ஆள் வேலையைச் சம்பளம் கேட்காம பார்க்குது! நமக்கு இடம்னா ஒரே இடம். அவங்களுக்கு உள்ளயா, மேலயா, ஒரு புள்ளியிலயா, எதைக் கொண்டுன்னு தனித்தனியா சொல்லியாகணும். இதைப் புரிஞ்சுக்காம முந்நூறு ஜோடியை உருப்போட்டா எப்படி நிக்கும்?

அன்னிக்கே ஒரு முடிவு பண்ணினோம். தமிழ் எங்க கை கொடுக்குது, எங்க காலை வாருதுன்னு ஒரு நோட்டு போடறது. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பத்தி, வாட்சப்ல போட்டோ. அப்புறம் போன். அந்த நோட்டுலேர்ந்து கொஞ்சம் உங்களுக்கும் தர்றேன். வீட்ல யாராவது படிக்கறவங்க இருந்தா உபயோகமா இருக்கும்.

1. சின்ஸா, ஃபாரா?

இது தமிழ் கை கொடுக்கற இடம். 'பத்து வருஷமா இங்க இருக்கேன்', '2015-லேர்ந்து இங்க இருக்கேன்'. கடைசியில 'ஆ'ன்னு இழுத்தா ஃபார், 'லேர்ந்து' வந்தா சின்ஸ். அவ்ளோதான், முடிஞ்சுது. ஆனா வினையில கவனமா இருக்கணும். தமிழ்ல 'இருக்கேன்'னு நிகழ்காலம் போதும். இங்கிலீஷ்ல 'ஹேவ் பீன்' வேணும். 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்'னு நம்மாளுங்க பேசறது அச்சு அசல் தமிழ் வாக்கியம், சட்டை மட்டும் இங்கிலீஷ்.

2. ஏ-யா, ஆன்-ஆ?

இதுலயும் தமிழ்தான் ஜெயிக்குது. நம்ம கிட்டயே ஒரு, ஓர் இருக்கே! 'ஓர் ஊர்', 'ஒரு மரம்'. உயிரெழுத்து முன்னாடி ஓர். இங்கிலீஷ்ல குழப்பம் ஏன் வருதுன்னா எழுத்தைப் பார்க்கறோம், சத்தத்தைக் கேட்கறதில்ல. அதுக்கு ஒரு வழி, வார்த்தையைத் தமிழ் எழுத்துல எழுதிப் பார்க்கறது. ஆனஸ்ட்னு எழுதினா முதல் எழுத்து 'ஆ', உயிர். அதனால ஆன். யூனிவர்சிட்டின்னு எழுதினா முதல் எழுத்து 'யூ', உயிர்மெய். அதனால ஏ. எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர். எல்லாம் 'எ'ல ஆரம்பிக்குது, ஆன். இதுல ஒரே ஒரு இடத்துல உஷாரா இருக்கணும். 'ஒன்'னு நாம எழுதறோம், ஆனா வாய் சொல்றது 'வன்'. அதனால அதுக்கு ஏ.

இதைச் சொன்னப்போ அவ சிரிச்ச சிரிப்பை நீங்க கேட்டிருக்கணும். "ரெண்டு வருஷமா தமிழ் மீடியம்னு அழுதேன் சித்தப்பா, தமிழ் எழுத்துலயே விடை இருக்கு!"

3. தமிழ் காலை வாரும் இடம்.

டிஸ்கஸ்னா 'பத்தி பேசறது'. அந்த 'பத்தி' உடனே 'அபவுட்' ஆகி ஒட்டிக்கும். ஆனா டிஸ்கஸுக்குப் பின்னாடி அபவுட் வராது. இதுக்கு நேர் தலைகீழ் லிசன். 'பாட்டு கேட்டேன்'ல உருபே இல்ல, அதனால 'டு' போட மறந்துரும். 'கணக்குல கெட்டி'ன்னா 'ல' இருக்கறதால 'குட் இன்'னு கை போகும். பரீட்சைக்கு 'குட் அட்'. 'நாய்க்குப் பயம்', இங்கிலீஷ்ல 'அஃப்ரெய்ட் ஆஃப்'. ஆனா 'பஸ்ஸுக்காக காத்திருந்தான்'னா வெயிட் ஃபார், அப்படியே பொருந்துது. மேரி விஷயத்துலயும் 'அவளைக் கட்டிக்கிட்டான்'னு ரெண்டாம் வேற்றுமையை நம்பினா போதும், நடுவுல 'வித்' தேவையில்லை. முந்நூறுல தமிழோட ஒத்துப் போறதைக் கழிச்சா நிஜமா மனப்பாடம் பண்ண வேண்டியது ரொம்ப கம்மிதான்.

4. வார்த்தைகளோட சோடி.

இங்கதான் ஆப்ஷன்ல அஞ்சு வார்த்தை கொடுத்து எல்லாமே ஒரே அர்த்தம் மாதிரி காட்டுவாங்க. டிக்‌ஷனரி பார்த்தாலும் வேலைக்காகாது. தமிழ்லயே பாருங்க. மழை பெய்யும், காத்து வீசும், வெயில் அடிக்கும், மின்னல் வெட்டும், பனி கொட்டும். 'மழை வீசுது'ன்னு சொன்னா புரியும், ஆனா சொன்னவன் வெளியூர்னு தெரிஞ்சுரும். அதே மாதிரி இங்கிலீஷ்ல மழைக்கு ஹெவி, காத்துக்கு ஸ்ட்ராங். மிஸ்டேக்கை மேக் பண்ணணும், ஹோம்வொர்க்கை டூ பண்ணணும். நமக்கு ரெண்டுமே 'பண்றது'தான். இதை ரூலா எழுத முடியாது. நிறைய படிச்சு காது பழகணும். தனி வார்த்தையா எழுதாம சோடியா நோட்டுல எழுதச் சொன்னேன்.

இந்த நாலும் போக, எப்படி நிரப்பறதுங்கறதையும் மாத்தினோம். கோச்சிங்ல சொன்னதுக்கு நேர் எதிர். முதல்ல ஓட்டையைக் கண்டுக்காம பத்தியை முழுசா ஒரு தடவை படிக்கணும். சொல்ல வந்த சேதி என்னன்னு ஒரு வரியில தமிழ்ல சொல்லணும். அப்புறம் ஆப்ஷனைக் கையால மூடிக்கிட்டு தானா ஒரு வார்த்தை சொல்லணும். கடைசியாத்தான் ஆப்ஷன். தான் நினைச்ச வார்த்தையோ அதோட பங்காளியோ அங்க இருந்தா டிக். இல்லேன்னா யோசனை.

ஆரம்பத்துல ஒரு பத்திக்கு கால் மணி நேரம் ஆச்சு. "இப்படிப் போனா பரீட்சையில பாதி கூட முடியாது சித்தப்பா"ன்னு புலம்பினா. மூணு மாசத்துல நாலு நிமிஷத்துக்கு வந்துருச்சு. காரணம் இருக்கு. முழுசா படிச்சவனுக்கு பத்து ஓட்டையில ஆறேழு தானா நிரம்பிரும். படிக்காதவன் பத்துக்கும் பத்து தடவை தனித்தனியா மண்டையை உடைச்சுக்கணும். எது நேர மிச்சம்?

நெகட்டிவ் மார்க் விஷயத்துல அவதான் எனக்கு பாடம் எடுத்தா. தப்பான விடைக்கு கால் மார்க் போயிரும், அதனால தெரியலைன்னா விட்டுருன்னு கோச்சிங்ல சொல்லியிருக்காங்க. அவ பேனாவை எடுத்துட்டா.

"அஞ்சு ஆப்ஷன் சித்தப்பா. கண்ணை மூடிக்கிட்டு போட்டா அஞ்சுல ஒரு தடவை ஒரு மார்க் வரும். மிச்ச நாலு தடவை கால் கால் மார்க்கா ஒரு மார்க் போகும். கூட்டிக் கழிச்சா பூஜ்யம். லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. ஆனா நிச்சயமா தப்புன்னு ஒரே ஒரு ஆப்ஷனை அடிச்சுட்டா கூட நாலுல ஒரு தடவை ஒரு மார்க், மூணு தடவை கால் கால்னு முக்கால் போகும். கால் மார்க் லாபம். அப்போ பாதி தெரிஞ்சதை விடக் கூடாதுல்ல?"

ஆமாம்ல! எந்த கோச்சிங்கும் இதை எனக்குத் தெரிஞ்சு சொல்லலை. கணக்கு தெரிஞ்ச பொண்ணுக்கு கணக்கு மூலமாத்தான் இங்கிலீஷ் பயம் போச்சு.

இந்த இடத்துல வேற ஒண்ணு ஞாபகம் வருது. எதைத்தான் நிரப்பாம விடலாம்? நம்ம உ.வே.சா. 1894-ல புறநானூற்றை அச்சுல கொண்டு வந்தார். செல்லரிச்ச ஏடு, ஒடிஞ்ச ஓலை, நடுவுல வார்த்தை காணோம். 267, 268-ம் பாட்டு ரெண்டும் கிடைக்கவே இல்ல. எத்தனையோ பாட்டுல பாதி வரி போயிருக்கு. அவருக்கு இருந்த புலமைக்கு அந்த இடத்துல யாப்பு இடிக்காம ஒரு சொல்லைப் போட்டு நிரப்பியிருந்தா இன்னிக்கு ஒருத்தராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. செய்யலை. இன்னிக்கும் புத்தகத்துல அந்த இடத்துல புள்ளி புள்ளியா இருக்கும். பரீட்சையில ஓட்டை போட்டவனுக்கு விடை தெரியும், அதனால நிரப்பலாம். கரையான் போட்ட ஓட்டைக்கு விடைத்தாள் கிடையாது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச மனுஷன்.

மெஷினும் இப்படித்தான் படிக்குதுங்கறது உங்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். கூகுள்காரங்க 2018-ல பெர்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. மலை மலையா எழுத்தைக் கொடுத்து அதுல நூத்துக்கு பதினஞ்சு துண்டைப் பொறுக்கி எடுத்து, பெரும்பாலும் மூடி மறைச்சு, நிரப்பு நிரப்புன்னு விட்டாங்க. அந்தக் கட்டுரையிலயே 1953 டெய்லர் பேரைச் சொல்லியிருக்காங்க. ஆக அண்ணன் பொண்ணும் கூகுள் மெஷினும் ஒரே சிலபஸ் :-) ஆனா மெஷினுக்கு வயசு வரம்பு கிடையாது, கட்-ஆஃப் கிடையாது, மாப்பிள்ளை பார்க்கற அம்மா கிடையாது.

என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. இந்த தடவை முதல்நிலையில இங்கிலீஷ் கட்-ஆஃப் தாண்டிட்டா. மெயின்ஸ்ல நின்னு போச்சு. கொஞ்ச நாள் போனே எடுக்கலை. அப்புறம் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு டொய்ங்னு சத்தம், பார்த்தா ஒரு பத்தியோட போட்டோ. நானும் ஒண்ணும் கேட்காம நிரப்ப ஆரம்பிச்சுட்டேன்.

ஆனா நான் இதை எழுத உக்காந்ததுக்குக் காரணம் பரீட்சை ரிசல்ட் இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி அண்ணனுக்கு, கடன் வாங்கின இடத்துலேர்ந்து ஒரு லெட்டர். ரெண்டு பக்கம், பொடி எழுத்து, முழுக்க இங்கிலீஷ். அண்ணன் ஏதோ விளம்பரம்னு டிவி மேல வச்சுட்டார். அவ எடுத்து முழுசா படிச்சிருக்கா. நடுவுல ஒரு வார்த்தை 'அன்லெஸ்'. முப்பது நாளுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் கொடுக்கா*விட்டால்* இன்சூரன்ஸ் பணத்தை கணக்குலேர்ந்து எடுத்துக்குவோம்னு அர்த்தம். அந்த ஒரு வார்த்தையைத் தாண்டிப் போனா லெட்டர் வெறும் வாழ்த்து மடல்தான்.

அன்லெஸ், அன்டில், ஆல்தோ இதெல்லாம் எங்க நோட்டுல ஒரு தனிப் பக்கம். ஏன்னா தமிழ்ல இதுக்கெல்லாம் தனி வார்த்தையே இல்லாம வினையோட வாலா ஒட்டிக்கிட்டு வரும். கொடுத்தால், கொடுத்தாலும், கொடுக்காவிட்டால். நாம வாலைப் பார்த்துப் பழகினவங்க. இங்கிலீஷ்ல அது வாக்கியத்துக்கு முன்னாடி தலையா வந்து நிக்கும்போது கண்ணு தாண்டிப் போயிரும். பேங்க் பரீட்சைக்காரன் அந்தச் சின்ன வார்த்தையில ஓட்டை போடறது கொழுப்புல இல்லீங்க. பணம், பத்திரம், கேஸ்னு எல்லாமே அந்தச் சின்ன வார்த்தையிலதான் தொங்குது.

அவளே நாலு வரி பதில் எழுதி, இருபத்தி மூணாவது நாள் நேர்ல போய்க் கொடுத்து சீல் வாங்கிட்டு வந்தா. எனக்கு போன் பண்ணி இங்கிலீஷ் கேட்கலை. எல்லாம் முடிஞ்சப்புறம் அண்ணன்தான் சொன்னார். "உன் கோடிட்ட இடம் எங்களுக்கு ஆறாயிரம் ரூபா மிச்சம் பண்ணுச்சுடா"ன்னு.

வேலை கிடைக்குமா? கிடைக்கணும். அடுத்த நோட்டிபிகேஷனுக்கு காத்திருக்கோம். கிடைக்கலைன்னாலும் இனி அந்த வீட்டுக்கு வர்ற எந்த லெட்டரும் டிவி மேல தூங்காது. தமிழ் மீடியம் பசங்களுக்கு இங்கிலீஷ் வராதுன்னு சொல்றவங்க கிட்ட சண்டைக்குப் போக எனக்கு நேரமில்ல. அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ் வழியா கூட்டிட்டுப் போங்க, தானா வரும்னு மட்டும் சொல்லிக்கறேன்.

உங்க வீட்லயும் இந்த மாதிரி தமிழ்-இங்கிலீஷ் மல்லுக்கட்டு இருந்தா, எந்த இடத்துல தமிழ் கை கொடுத்துச்சுன்னு எழுதுங்க மக்களே. எங்க நோட்டுல இன்னும் நாப்பது பக்கம் காலியா இருக்கு.

டிஸ்கி: மேல இருக்கற தமிழ் பத்தியில நாலாவது ஓட்டைக்கு 'ஒளிஞ்சு'ன்னு போட்டவங்க யாருக்குக் கடன் பாக்கின்னு நான் கேட்க மாட்டேன் ;-)